கீழே வைத்த இரை

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

"வயசுக்கு வந்த நாள்லேருந்து இந்த உடம்புல ஓடின சாறு, இத்தனை வருஷம் கழிச்சு எதுக்குடி எனக்கே எமனா வரணும்?" என்று கேட்டிருந்தாய். எனக்குப் பதில் தெரியாது. இருபது வருடத்துக்கும் மேலாக இதே கேள்விக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதால் எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிடாதே.

தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன். போன வருடம் உன் மார்பிலிருந்து எடுத்த கட்டி, பெண் உடம்பில் ஊறும் ஹார்மோனைத் தின்று வளரும் வகை. அதனால்தான் கட்டி போன பிறகும் தினம் ஒரு மாத்திரை. எங்காவது ஒன்றிரண்டு செல்கள் பதுங்கியிருந்தாலும் அவற்றுக்குத் தீனி கிடைக்காமல் செய்வதுதான் அதன் வேலை. ஒரு செல் இருந்த இடத்திலேயே பெருகுவது ஒரு விஷயம். அது இடத்தை விட்டுக் கிளம்பி, பக்கத்துச் சதையைத் துளைத்துக்கொண்டு போவது வேறு விஷயம். ஆளைக் கொல்வது பெரும்பாலும் இரண்டாவதுதான். அந்தப் பயணத்தை ஹார்மோன் தூண்டுகிறதா, தடுக்கிறதா? என் ஆய்வகத்தில் இப்போது இதைத்தான் பார்க்கிறோம். இதுவரை வந்த கட்டுரைகள் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்கின்றன.

போனில் பேசினால் டாக்டரம்மா மாதிரி மிரட்டுகிறேன் என்று நீதான் கடிதம் போடச் சொன்னாய். கடிதத்திலும் அப்படித்தான் வருகிறது, என்ன செய்ய? விரல் பிடிப்பு எப்படி இருக்கிறது? மாமாவின் முட்டி வலி? நான் இருக்கிறேன். கொஞ்சம் களைப்பு, அவ்வளவுதான்.

தங்கை


பிப்ரவரி 3

அன்புள்ள பூதக்கண்ணாடிக்கு,

மாமா சுகம். அவர் முட்டி இரண்டும் சுகம் இல்லை. உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். "தெரியாது" என்பதை ஒரு பக்கத்துக்கு எழுத உனக்குத்தான் சம்பளம் கொடுக்கிறார்கள்.

என் விரலைக் கேட்டாய். காலையில் எழுந்தால் பத்து விரலும் பத்துக் குச்சி. சுடுதண்ணீரில் முக்கி எடுத்த பிறகுதான் மடங்குகிறது. கட்டிங் டேபிளில் இருபது அடுக்குத் துணியை விரித்து, மேலே சாக்குக்கட்டியால் கோடு போட்டு, பெரிய கத்தரியை உள்ளே விட்டால் பாதியிலேயே கட்டை விரல் பூட்டிக்கொள்கிறது. போன வாரம் பள்ளிக்கூட சீருடைக்குக் கால்சட்டை வெட்டினேன். கத்தரி சாய்ந்துவிட்டது. மேல் அடுக்கு ஐந்தாம் வகுப்புக்கு, அடி அடுக்கு மூன்றாம் வகுப்புக்கு. முதலாளியம்மா திட்டவில்லை. "கொஞ்ச நாள் பட்டன் செக்கிங் பாருங்க அக்கா" என்றாள். வயசுப் பெண்களோடு உட்கார்ந்து பட்டன் இழுத்துப் பார்க்கிறேன். இந்தக் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் என்று கூப்பிடப்பட்ட ஒரே பொம்பளை நான்.

மாமா தினமும் காலையில் மாத்திரையையும் தண்ணீரையும் கையில் கொடுத்துவிட்டு எதிரிலேயே நிற்கிறார், கோயில் காவல்காரன் மாதிரி.

அது இருக்கட்டும். கூடப் பிறந்தவளுக்கு வந்திருக்கிறதே, நீ போய் உன் மார்பைப் படம் எடுத்துப் பார்த்தாயா? வருடா வருடம் எடுக்கணுமாமே?

அக்கா


பிப்ரவரி 16

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

விரல் பிடிப்பு அந்த மாத்திரையால் வருவதுதான். ஹார்மோன் வற்றும்போது மூட்டுகள் காய்கின்றன. பலருக்கு வருகிறது. அடுத்த தடவைக்குக் காத்திருக்காமல் உன் டாக்டரிடம் போய்ச் சொல். வேறு மாத்திரைக்கு மாற்றுவார்கள். அதே வேலையைச் செய்யும் இரண்டு மூன்று வகைகள் இருக்கின்றன. காலையில் விரல்களுக்குப் பயிற்சி செய். படம் போட்டு அனுப்பியிருக்கிறேன். நடக்கவும் வேண்டும்.

எக்காரணம் கொண்டும் நீயாக நிறுத்தாதே. இது தலைவலி மாத்திரை இல்லை.

இங்கே பரீட்சைத் தாள்கள் திருத்துகிறேன். "செல் தன் விருப்பப்படி நகர்கிறது" என்று ஒருத்தி எழுதியிருக்கிறாள். சிவப்பு மையால் கோடு போட்டேன். பிறகு, அதற்கு மாற்றாக என்ன எழுதுவது என்று எனக்கே விளங்கவில்லை.

தங்கை


ஏப்ரல் 2

அன்புள்ள பூதக்கண்ணாடிக்கு,

இவ்வளவு நாள் எழுதாததற்குத் திட்டாதே. கை ஒழியவில்லை. கை ஒழியவில்லை என்று எழுதவே சந்தோஷமாக இருக்கிறது. விரல் சரியாகிவிட்டது! மறுபடியும் கட்டிங் டேபிளில் நிற்கிறேன். முதல் நாள் முதலாளியம்மா பக்கத்திலேயே நின்று பார்த்தாள். மேல் அடுக்கையும் அடி அடுக்கையும் எடுத்து ஒன்றின் மேல் ஒன்று வைத்தேன். நூல் பிசகவில்லை. "மாஸ்டர் வந்தாச்சு" என்று பட்டன் பெண்கள் கைதட்டினார்கள். ராத்திரி வேர்த்துக் கொட்டுவதுகூட நின்றுவிட்டது. பழைய ஆளாகிவிட்டேன் என்று மாமா சொல்கிறார். பழைய ஆளோடு இவ்வளவு நாள் என்ன சுகம் கண்டார் என்று தெரியவில்லை.

உன் ஆராய்ச்சி என்ன ஆயிற்று? உன் செல்கள் கிளம்பினவா, இல்லை என் விரல் போட்டதுபோல வேலைக்கு லீவு போட்டனவா?

படம் எடுத்தாயா என்று கேட்டிருந்தேன். பதிலே இல்லை.

அக்கா


ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று இங்கே எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். பயிற்சி பலன் தரும் என்று தெரியும், இவ்வளவு சீக்கிரம் என்று நினைக்கவில்லை. விடாமல் செய்.

செல்களைப் பற்றிக் கேட்டாய். சின்னக் கிண்ணம் ஒன்று. அதன் அடிப்பாகம் நுண்ணிய துளைகள் உள்ள சவ்வு. சவ்வின் மேல் சதை மாதிரி ஒரு கூழைப் பூசி, அதன் மேல் செல்களை விடுவோம். கூழைத் துளைத்துச் சவ்வின் அடிப்பக்கத்துக்கு எத்தனை வந்து சேர்கின்றன என்று சாயம் ஏற்றி எண்ணுவோம். ஒரு கூட்டத்துக்கு ஹார்மோன் உள்ள உணவு, இன்னொரு கூட்டத்துக்கு ஹார்மோன் நீக்கிய உணவு. செல்களுக்கு உணவு கன்றுக்குட்டியின் ரத்தத்திலிருந்து எடுக்கும் சீரம். அதைக் கரித்தூளோடு கலக்கிச் சுழற்றினால் ஹார்மோன் கரியோடு போய்விடும்.

நாங்கள் எதிர்பார்த்தது ஒன்று, வந்தது வேறு. பட்டினி போட்ட கூட்டம்தான் அதிகமாகத் துளைத்துக்கொண்டு கீழே வந்திருக்கிறது. ஹார்மோன் கிடைத்தவை வயிறு நிரம்பியவர்கள் மாதிரி மேலேயே இருந்துவிட்டன. மூன்று தடவை செய்தும் இதேதான். துறைத் தலைவர் முதல் முறையாக என் அறைக்கு வந்து உட்கார்ந்தார். எனக்கு நம்பிக்கை பாதி, சந்தேகம் பாதி. கிண்ணத்தில் நடப்பது உடம்பில் நடக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. உன்னிடம் சொல்லவேண்டும் போல இருந்தது, சொன்னேன்.

தங்கை


ஏப்ரல் 27

அன்புள்ள பூதக்கண்ணாடிக்கு,

சுகம். உன் சுகம் பிறகு கேட்கிறேன். எனக்கு ஒன்றே ஒன்று தெரியவேண்டும். என் மாத்திரை ஹார்மோனைக் கொடுக்காமல் பட்டினி போடுகிறது. உன் கிண்ணத்தில் பட்டினி கிடந்ததுதான் கிளம்பி ஓடுகிறது. அப்படியென்றால் மாத்திரை போடாமல் இருந்தால், பதுங்கியது பதுங்கிய இடத்திலேயே சிவனே என்று கிடக்கும், இல்லையா?

ஆம், இல்லை, இரண்டில் ஒன்று எழுது. ஒரு பக்கம் எழுதாதே.

அக்கா


மே 8

அன்புள்ள அக்காவுக்கு,

வெயிலில் அலையாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன்.

ஆம் என்றும் இல்லை என்றும் ஒரு வார்த்தையில் எழுதக்கூடிய கேள்வி அல்ல அது. நகர்வது வேறு, பெருகுவது வேறு என்று முதலிலேயே எழுதியிருந்தேன். பெருகுவதை மாத்திரை தடுக்கிறது என்பதற்கு ஆயிரக்கணக்கான பெண்களைப் பல வருடம் கவனித்த ஆதாரம் இருக்கிறது. நகர்வதைப் பற்றி என்னிடம் இருப்பது சில கிண்ணங்கள். அவற்றை வைத்து உன் உடம்பைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் கிண்ணங்கள் காட்டியதைக் காட்டவில்லை என்றும் நான் எழுத முடியாது. மேலும் சில சோதனைகள் செய்யவேண்டும். அதுவரை டாக்டர் சொன்னபடியே நட. மாத்திரையை நிறுத்தலாம் என்று நான் எங்கும் சொல்லவில்லை.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

தங்கை


ஜூலை 11

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு மாதமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. போன் செய்தால் மாமா எடுத்து "வேலைக்குப் போயிருக்கா, நல்லா இருக்கா" என்கிறார். நல்லா இருக்கிறாய் என்றே வைத்துக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்தைக் கவனமாகப் படி. எங்கள் முடிவு தப்பு.

செல்கள் சும்மா கீழே வராது. சவ்வுக்குக் கீழே ஒரு இரை வைப்போம், அதை நோக்கித்தான் துளைத்துக்கொண்டு வரும். போன வாரம் என் ஆராய்ச்சி மாணவியோடு நின்று கிண்ணங்களைத் தயார் செய்தபோது சும்மா கேட்டேன்.

"கீழ எந்த சீரம் ஊத்துற?"

"எப்பவும் ஊத்துறதுதான் மேடம்."

"எப்பவும்னா? கரித்தூள் போட்டதா?"

"அது மேல இருக்கற செல்லுக்கு. கீழ வெறும் இரைதானே, அதுக்கு எதுக்கு வீணாக்கணும்னு சாதா சீரம்…" என்றவள் பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தாள். செய்முறையை எழுதியது நான்தான். அதில் "கீழே சீரம்" என்று மட்டும் இருக்கிறது. எங்கள் துறையில் எல்லோரும் கீழே சாதா சீரம்தான் வைப்பார்கள். வேறு சோதனைகளில் அது பிழையே இல்லை.

சாதா சீரத்தில் ஹார்மோன் இருக்கிறது. மேலே பட்டினி போட்டுவிட்டு, கீழே அதே ஹார்மோனை வைத்துக் காட்டியிருக்கிறோம். பட்டினி கிடந்தவை அதைத் தேடித்தான் ஓடியிருக்கின்றன. கீழேயும் ஹார்மோன் நீக்கிய சீரத்தை வைத்துப் புதிதாகச் செய்தோம். ஒன்றும் நகரவில்லை. சவ்வின் அடிப்பக்கம் வெறுமையாக இருந்தது.

நீ ஏப்ரலில் கேட்டதற்குப் பதில்: இல்லை. மாத்திரையை விட்டால் அது சும்மா கிடக்காது.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். மாத்திரை சாப்பிடுகிறாயா? ஆம், இல்லை, இரண்டில் ஒன்று.

தங்கை


ஆகஸ்ட் 6

அன்புள்ள பூதக்கண்ணாடிக்கு,

நாங்கள் இருவரும் சுகம். இங்கே நல்ல மழை. கம்பெனிக்குள் தண்ணீர் வந்து துணிக்கட்டுகளை எல்லாம் டேபிள் மேல் ஏற்றி வைத்தோம். கட்டிங் மெஷின் ஒன்று வாங்கப்போவதாக முதலாளியம்மா சொல்கிறாள். நூறு அடுக்கை ஒரே தள்ளலில் வெட்டுமாம். வாங்கட்டும். வளைவு வரும் இடத்தில் என்னைத்தான் கூப்பிடவேண்டும். மாமா முட்டிக்குப் பட்டை கட்டிக்கொண்டு நடக்கிறார். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு நிச்சயம் ஆகிவிட்டது. ரவிக்கை ஏழும் நான்தான் தைக்கவேண்டுமாம்.

உன் தப்பைப் பற்றி எழுதியிருந்தாய். அதற்குப் போய் ரொம்ப வருத்தப்படாதே. துணியைத் தப்பாக வெட்டினால்தான் தப்பு.

உனக்கு லீவு கிடைத்தால் ஒரு நடை வந்துவிட்டுப் போயேன். காரணம் ஒன்றும் இல்லை.

அக்கா


ஆகஸ்ட் 11

அக்கா,

காரணம் இல்லாமல் நீ என்னை ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வருகிறேன். திங்கட்கிழமைக்கு டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டேன். மாமாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

தங்கை


ஆகஸ்ட் 25

அன்புள்ள பூதக்கண்ணாடிக்கு,

நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பாய். இங்கே எல்லோரும் டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்கிறார்கள். எனக்கு ஒன்றுமே மண்டையில் ஏறவில்லை. அந்த டாக்டரம்மாவின் சட்டைக் காலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்ததுதான் ஞாபகம் இருக்கிறது. உள்ளே வைக்கும் துணியைக் குறுக்காக வெட்டியிருக்கிறான், பாவி. மாமாவைக் கேட்டால் "அதான் சொன்னாங்களே" என்கிறார். அவருக்கும் ஞாபகம் இல்லை.

நீ வந்த அன்றும் மறுநாளும் என்ன நடந்தது என்று வரிசையாக எழுது. கூட்டவேண்டாம், குறைக்கவேண்டாம். எனக்காக நல்லதாகவும் ஆக்கவேண்டாம்.

ஆஸ்பத்திரிக்குக் கதிர் வைக்கப் போய்வருகிறேன். கழுத்துத் தோல் லேசாகச் சிவந்திருக்கிறது. மற்றபடி சுகம்.

அக்கா


செப்டம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

தோலில் ஈரம் படாமல் பார்த்துக்கொள். நான் சுகம். நீ கேட்டபடி எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் வந்ததும் மாமா பால் வாங்கப் போனார். நீ ரவிக்கையைத் தளர்த்தி, கழுத்து எலும்புக்கு மேலே என் விரலைப் பிடித்து வைத்தாய். பட்டாணி அளவு. நகரவில்லை. "எப்போலேருந்து?" என்றேன். "ஜூன் இருக்கும்" என்றாய். பிறகு மாமா வந்துவிட்டார்.

மறுநாள் நடந்தது இது.

டாக்டர் கட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களா?"

"இல்லை" என்றாய்.

"எப்போலேருந்து?"

நான் ஏப்ரல் கடைசி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அப்போதுதான் என் கடிதம் உனக்கு வந்திருக்கும். ஜூலையிலிருந்து நான் தூங்காததற்கு அதுதான் காரணம்.

"பிப்ரவரிலேருந்து" என்றாய். என் முகம் எப்படி இருந்ததோ, என் பக்கம் திரும்பினாய். "உன் லெட்டருக்கு முன்னாடியே நிறுத்திட்டேன்டி. விரல் அதனாலதான் சரியாச்சு. நீ அந்தச் செல் கதையை எழுதினப்போ, ஆஹா, படிச்சவளே சொல்லிட்டான்னு இருந்துச்சு. அவ்வளவுதான்."

மாமா எழுந்து நின்றுவிட்டார். "தினம் என் கையாலதானே குடுத்தேன்?"

"உங்க கையாலதான் வாங்கினேன். முழுங்கல. பல் விளக்கப் போகும்போது துப்பிடுவேன்."

அவர் டாக்டர் பக்கம் திரும்பினார். ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தால் வந்திருக்காதா என்று கேட்டார். "வராம இருக்க வாய்ப்பு அதிகம். நிச்சயமா வந்திருக்காதுன்னு சொல்ல முடியாது" என்றார் டாக்டர். இதை நீ கேட்டாயா என்று தெரியவில்லை. அப்போது நீ கையைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

பிறகு டாக்டர் என்னிடம், "நீங்க கூடப் பிறந்தவங்களா? உங்களுக்கு எப்ப படம் எடுத்தாங்க?" என்றார். எடுக்கவில்லை என்றேன். "பாருங்க டாக்டர், இவதான் எனக்கு லெக்சர் அடிக்கிறவ" என்று சிரித்தாய். அன்று நீ சிரித்தது அப்போது மட்டும்தான். உன்னை ஸ்கேனுக்குக் கூட்டிப் போயிருந்தபோது எனக்கும் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை. இத்தனை நாள் ஏன் போகவில்லை என்று நீ கேட்கவில்லை. பயம்தான்.

கட்டியில் ஊசி குத்தி எடுத்ததைக் கண்ணாடித் துண்டில் தடவிக் கீழ்த்தளத்துக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட் வாங்க நான் போனேன். அங்கிருந்த டாக்டர் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கி, "நீங்களும் இந்த லைன்தானாமே? பாக்கறீங்களா?" என்று நாற்காலியை நகர்த்தினார். நான் தினமும் பார்ப்பது அதுதான். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாசலிலேயே நின்றேன். அவர் சொன்னார்: அதே நோய்தான்.

மேலே வந்து டாக்டர் உன்னிடம் சொன்னது இவ்வளவு. கழுத்தில் ஒரு நெறிகட்டிக்குப் பரவியிருக்கிறது. ஸ்கேனில் வேறு எங்கும் இப்போதைக்குத் தெரியவில்லை. அந்த இடத்துக்குக் கதிர். பிறகு மாத்திரை இல்லை, மாதம் ஒரு ஊசி. "எத்தனை மாசம்?" என்றாய். "அந்த மருந்து வேலை செய்யற வரைக்கும்." "அது வரைக்கும் நானும் வேலை செய்யலாமா?" என்று கேட்டாய். டாக்டருக்கு முதலில் புரியவில்லை. நான் விளக்கினேன். "இந்த ஊசி விரலை அந்த அளவுக்குப் படுத்தாது. படுத்தவே படுத்தாதுன்னு சொல்ல மாட்டேன். பிடிச்சா வந்து சொல்லுங்க, திட்ட மாட்டேன். நீங்களா நிறுத்தாதீங்க" என்றார். நீ "சரி" என்றாய். இதை நான் தெளிவாகக் கேட்டேன். மாமாவும் கேட்டார்.

வெளியே வந்ததும் வீட்டுக்குப் போகமாட்டேன் என்றாய். கம்பெனியில் எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நீ டேபிளில் துணியை அடுக்கடுக்காக விரித்து, கோடு போட்டு, மறுமுனையை என்னிடம் கொடுத்தாய். நான் அதற்கு முன் ஒரு நாளும் நீ வெட்டுவதை அருகில் நின்று பார்த்ததில்லை. கத்தரி உள்ளே போகும் சத்தம் வந்தது. நான் துணியை இறுக்கினேன் போலிருக்கிறது.

"இழுக்காத. சும்மா பிடி" என்றாய்.

பிடித்துக்கொண்டு நின்றேன். மாமா வாசலில் நின்று போகலாமா என்று இரண்டு தடவை கேட்டார். நீ கத்தரியை நிறுத்தவில்லை. கடைசி வளைவு வரை வெட்டி முடித்துவிட்டு, அடி அடுக்கை எடுத்து மேல் அடுக்கின் மேல் வைத்துப் பார்த்தாய்.

தங்கை